சுருக்கத்துக்கு விட்ட இடம்

சாந்த்ராகாச்சி ரயில் யார்டுக்குப் பின்னால், இரண்டு அறையும் ஒரு மரக் கொட்டகையுமாக உள்ள வீட்டில் சிவராஜ் குடியிருக்கிறார். தொழில், பேட்டர்ன் செய்வது. ஹவுராவில் இரும்பு வார்க்கிற ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் அச்சு செதுக்கிக் கொடுப்பார். பம்பின் உடலோ, சாக்கடை மூடியோ, தையல் மிஷினின் காலோ, எதுவானாலும் முதலில் அவருடைய கொட்டகையில் தேக்காகப் பிறந்து, பிறகு மணலில் பள்ளமாகி, அப்புறம்தான் இரும்பாகும். விழுப்புரம் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர் அவருடைய அப்பா கலியன். மகனும் ரயில்வேயில் சேரவில்லையே என்ற குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது.

பேட்டர்ன் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. உருக்கி ஊற்றிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மர அச்சை அடிக்கு அரைக்கால் அங்குலம் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் கணக்குப் போட்டுக் கூட்டிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது என்பதற்காக ஷ்ரிங்க் ஸ்கேல் என்று ஒன்று வைத்திருப்பார்கள். அதில் ஓர் அடி என்று பொறித்திருப்பது நிஜத்தில் ஓர் அடியும் அரைக்கால் அங்குலமும் இருக்கும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சிவராஜின் ஷ்ரிங்க் ஸ்கேலில் எழுத்துகள் பாதி தேய்ந்துவிட்டன. கொட்டகையில் வேறு ஸ்கேல் எடுத்தே வருஷக்கணக்காகிறது.

மகள் மஹிமாவுக்குச் சின்ன வயதில் பாவாடை தைக்க அளவெடுத்தாலும் அந்த ஸ்கேலைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்.

"புள்ள என்ன இரும்பா, ஆறினா சுருங்கறதுக்கு?" என்பாள் மனைவி விஜயலட்சுமி. அக்கம்பக்கத்துப் பெண்களின் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைப்பவள். டேப் இல்லாமல் அளக்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

"வளர்றதுக்கு எடம் வேணாமா?"

"அதுக்கு நான் மடிப்பு வெக்கறேன். நீங்க ஒங்க பம்பப் பாருங்க."

மஹிமா வளர்ந்தாள், பாடினாள். வீட்டில் தமிழ், வெளியே வங்காளம். தமிழ் எழுத்து கடைசிவரை பிடிபடவில்லை. தமிழ்ப் பாட்டுகளை வங்காள எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவாள். ஆற்றுக்கு அந்தக் கரையில், கிடர்பூரில் துறைமுக ஊழியர்களுக்கென்று அந்தக் காலத்தில் கட்டிய நாடக மண்டபம் ஒன்று இருந்தது. அங்கே சித்திரை முதல் நாள் விழாவில் அவள் பாடுவதாக ஏற்பாடானது. விழாவுக்கு முன்பு அப்பாவும் மகளும் போய் மண்டபத்தைப் பார்த்தார்கள். மேடையில் ஏறிப் பாட வாயெடுத்தாள். காவலாளி விடவில்லை. "பாட்டெல்லாம் புரோகிராம் அன்னிக்கு, தீதி" என்று இந்தியில் சொல்லிவிட்டான். சரி என்று ஒரே ஒரு தடவை கையைத் தட்டினாள். வளைந்த கூரையிலும் பால்கனியிலும் பட்டு அந்தச் சத்தம் இறங்கி வந்தது.

"கேட்டியாப்பா? குடுத்தத அப்பிடியே திருப்பிக் குடுக்குது."

அந்த மார்ச்சில் ஊரடங்கு வந்தது. விழா நடக்கவில்லை. மே மாதப் புயலில் மண்டபத்தின் கூரை போயிற்று. அடுத்த வருஷம் இரண்டாம் அலையில் மஹிமா போனாள். அவளுடைய குரலும் அந்த மண்டபமும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

மண்டபத்தைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று ஊழியர்கள் கிளம்பியபோதுதான் சுபிக்ஷா இந்த வீட்டுக்கு வந்தாள். கிடர்பூரில் சுங்க இலாகா அதிகாரியாக இருக்கும் ஹரிஷங்கரின் மகள். நகரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், அரங்கங்களில் சத்தம் எப்படிப் பரவுகிறது என்று படிக்கிறவள். கூரையைப் பழைய மாதிரி வளைவாகப் போடுவதா, செலவைக் குறைத்துத் தட்டையாகப் போடுவதா என்று கட்டுகிறவர்கள் கேட்டார்கள். பதில் சொல்ல அவளுக்கு ஒரு மாதிரி மண்டபம் வேண்டியிருந்தது.

"பத்துல ஒரு பங்கு அங்கிள். அட்டைல பண்ற மாடல் இல்ல. சுவர் கனமா, வார்னிஷ் போட்டு, காத்து கசியாம இருக்கணும். சத்தம் மோதினா அப்படியே திரும்பணும்."

"அதுக்குள்ள யாரு பாடப் போறாங்க, எலியா?" என்றாள் விஜயலட்சுமி, தையலிலிருந்து தலை தூக்காமல்.

சுபிக்ஷா சிரித்துவிட்டாள். "எலிக்குக் கேக்கும் ஆன்ட்டி. நமக்குத்தான் பாதி கேக்காது. மண்டபம் பத்துல ஒண்ணா சின்னதானா, சத்தமும் அந்த அளவுக்குப் பொடியாகணும். அதான் கீச்சுன்னு ஒசந்துடும். அளந்து முடிச்சதும் கம்ப்யூட்டர்ல பத்து மடங்கு மெதுவாக்கினா, நெஜ மண்டபத்துல எப்படிக் கேக்குமோ அப்படி ஆயிடும்."

"ஸ்பீக்கர் வெப்பியா உள்ள?"

"எவ்வளவு சின்ன ஸ்பீக்கரும் அந்த மேடைல லாரிய நிறுத்தின மாதிரி இருக்கும் ஆன்ட்டி. அதுவே சத்தத்த மறைக்கும். நாங்க லேசர் அடிப்போம். லென்ஸ் வழியா ஒரு புள்ளில குவிஞ்சதும் அங்க இருக்கற காத்து வெடிக்கும். குட்டியா ஒரு பொறி. சத்தம் அங்கேருந்து எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி போகும். அந்த எடத்துல பொருள்னு ஒண்ணுமே இருக்காது."

பிறகு, பேச்சோடு பேச்சாக, இன்னொன்றும் சொன்னாள். அளந்து முடித்துவிட்டால், எதிரொலி இல்லாமல் பதிவு செய்த எந்தக் குரலையும் அந்த மண்டபத்தில் பாடிய மாதிரியே கம்ப்யூட்டரில் கேட்கலாம் என்றாள்.

தையல் மிஷின் நின்றது. விஜயலட்சுமி கணவனைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த இரும்பு பீரோவைப் பார்த்தாள்.

"பீரோவுக்குள்ள உக்காந்து பாடினது ஆகுமா?"

ஏதோ பாட்டுப் போட்டிக்கு அனுப்ப வேண்டும் என்று, வீட்டில் ரயில் சத்தம் தாங்காமல், மஹிமா தொங்கும் சேலைகளுக்கு நடுவே பீரோவுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு போனில் பாடிப் பதிவு செய்திருந்தாள். அது ஒன்றுதான் மிச்சம். சுபிக்ஷா அதை வாங்கிக் கேட்டாள். சேலைகள் எல்லா எதிரொலியையும் குடித்துவிட்டிருந்தன.

"இதவிட நல்லா எங்க லேப்ல கூட எடுக்க முடியாது ஆன்ட்டி" என்றாள் மெதுவாக.

சிவராஜ் அன்றே மரம் பார்க்கக் கிளம்பினார்.

ஒரு மழைக்காலம் முழுக்க அந்த வேலை ஓடியது. ஃபவுண்டரிக்காரர்கள் போன் செய்து அலுத்துப் போனார்கள். கூரையின் வளைவுக்கு விலா எலும்பு மாதிரி மரச் சட்டங்கள் அறுத்து, மெல்லிய ப்ளைவுட்டை வளைத்து ஒட்டி, வார்னிஷ் பூசி, காய்ந்ததும் தேய்த்து, திரும்பப் பூசினார். பால்கனியின் கைப்பிடிச் சுவர், தூண்கள், மேடையின் முகப்பு, எதிலும் நகம் நுழையும் இடுக்கு இல்லை. சுபிக்ஷா நடுவில் வந்து, அங்கேயே கிடந்த அவருடைய ஸ்கேலை எடுத்து, வரைபடத்தோடு ஒத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

துண்டு துண்டாகக் கழற்றி, லாரியில் பாலம் தாண்டிக் கொண்டுபோய், ஆய்வுக்கூடத்தில் பூட்டினார்கள். சுவரில் விட்டிருந்த துளை வழியே லேசர் உள்ளே வரும். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிவராஜ் ஓரமாக நின்றார். கதவுக்கு மேலே சிவப்பு பல்பு எரிந்தது.

"பொறி எவ்வளவு ஒசரத்துல வரணும் அங்கிள்? நிக்கறவங்க வாய் உயரத்துக்குத்தான் வழக்கமா வெப்போம்."

"அவ உக்காந்துதான் பாடுவா."

சுபிக்ஷா லென்ஸை இறக்கினாள். அவர் விரலை மேடைமேல் நீட்டி, இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு நூல் என்று சொல்லிச் சொல்லி நிறுத்தினார். சம்மணமிட்டு உட்கார்ந்த மகளின் உதடு அந்த இடத்தில்தான் இருக்கும்.

பொறி விழுந்தது. டிக் என்று ஒரு சத்தம். மஹிமாவின் அந்தக் கைதட்டலை யாரோ ஊசிமுனையளவுக்குக் குறுக்கிவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு. மேடையில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து அது வந்தது.

திரையில் கோடுகள் ஓடின. சுபிக்ஷா நெற்றியைச் சுருக்கினாள். பின்சுவரில் பட்டுத் திரும்புகிற சத்தம் வர வேண்டிய நேரத்துக்குப் பிந்தி வந்திருந்தது. காற்று குளிர்ந்தால் சத்தம் மெதுவாகும் என்று ஏ.சி.யைப் பார்த்தாள், தெர்மாமீட்டரை மாற்றிப் பார்த்தாள், திரும்ப அடித்தாள். அப்படியே வந்தது.

"பின்சுவர் மட்டுமா?" என்றார் சிவராஜ்.

"இல்ல அங்கிள். பக்கச் சுவர், கூரை, பால்கனி எல்லாமே. எல்லாம் ஒரே விகிதத்துல லேட்."

அவர் கை தானாகச் சட்டைப் பையில் செருகியிருந்த ஸ்கேலுக்குப் போனது. ஆய்வுக்கூடத்து மேஜையிலிருந்த ஸ்கேலை எடுத்து, தன்னுடையதைப் பக்கத்தில் ஒட்டி வைத்தார். இந்த முனை இரண்டிலும் ஒன்றாக இருந்தது. அந்த முனையில் அரைக்கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது.

"மண்டபத்த வார்க்கப் போறதா நெனச்சிட்டேம்மா" என்றார். "இரும்புக்கு விடற மாதிரி விட்டிருக்கேன். எல்லாமே இதால அளந்ததனால எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருந்திடுச்சு."

"நானும் இதாலதான அங்கிள் சரிபார்த்தேன்!" சுபிக்ஷாவுக்கு நிம்மதியில் சிரிப்பே வந்துவிட்டது. "அவ்வளவுதானே. எல்லாம் ஒரே அளவுல பெருசாயிருக்கு. கணக்குல பத்துன்னு இருக்கற எடத்துல கொஞ்சம் கம்மியா ஒரு நம்பர் போட்டா முடிஞ்சுது. இன்னிக்கே கேக்கலாம்."

"வேணாம்மா. பேட்டர்ன் தப்பா இருந்தா வர்றதெல்லாம் தப்புதான். திரும்பப் பண்ணித் தரேன்."

"தேவையே இல்ல அங்கிள்..."

"திரும்பப் பண்ணித் தரேன்."

பூஜைப் பந்தல்கள் கட்டினார்கள், பிரித்தார்கள். கொட்டகையில் இரண்டாவது மண்டபம் தொடங்கிய இடத்திலேயே நின்றது. புது ஸ்கேல் வாங்கியிருந்தார். தூண் கடைவார், வார்னிஷ் பூசுவார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார், உடைத்துப் போடுவார். சுபிக்ஷா போன் செய்தால் விஜயலட்சுமிதான் எடுத்து, ஆயிடும்மா, ஆயிடும்மா என்று சொன்னாள்.

ஒரு நாள் மத்தியானம் அவள் கத்தரிக்கோலும் கையுமாகக் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"இந்தத் தூணுக்கு என்ன கேடு?"

"வார்னிஷ்ல பொட்டு விழுந்துடுச்சு."

"நேத்து ஒடச்சதுக்கு?"

"அது லேசா கோணல்."

"எனக்குத் தெரியலயே கோணல். சத்தத்துக்குத் தெரியுமா?"

அவர் உப்புத்தாளைத் தேடினார். அது கையிலேயே இருந்தது.

"என்னங்க, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. அந்தப் பொண்ணு ஒரு நம்பர மாத்தினா போதும்கிறா. அவ படிச்ச பொண்ணு, பொய் சொல்லல. ஒங்களுக்கும் தெரியும். நீங்க அளவுக்குப் பயப்படல. கேட்டுட்டா அதோட முடிஞ்சு போயிடும்னு பயப்படறீங்க. இது முடியாத வரைக்கும் அவ இன்னும் பாடப் போறா, இல்ல?"

வெளியே யார்டில் பெட்டிகளைக் கோர்க்கிற சத்தம் வரிசையாக ஓடி அடங்கியது. சிவராஜுக்கு அந்த ஆய்வுக்கூடத்து மேஜை நினைவுக்கு வந்தது. இரண்டு ஸ்கேலையும் ஒட்டி வைத்து, நீட்டிக்கொண்டிருந்த அரைக்கால் அங்குலத்தைப் பார்த்தபோது, கூச்சத்தோடு சேர்ந்து இன்னொன்றும் நெஞ்சில் எழுந்தது. அப்பாடா என்று இருந்தது. இவளுக்கு அது எப்படித் தெரிந்தது?

"எனக்கு மட்டும் பயமில்லையா?" என்றாள் விஜயலட்சுமி. "அந்த பீரோவுல தொங்கற சேலையில ஒண்ணக்கூட நான் எடுத்துக் கட்டல, பாத்தீங்களா? எடுத்தா அவ உக்காந்த எடம் கலைஞ்சிடும்னு. போதுங்க. எனக்குக் கேக்கணும்."

மறுநாள் இருவரும் பஸ்ஸில் போனார்கள்.

சுபிக்ஷா முதல் மண்டபத்தின் அளவையே எடுத்து, எண்ணை மாற்றிக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். இரண்டு பேருக்கும் ஹெட்போன் மாட்டிவிட்டாள். பாட்டுக்கு முன்னால் பதிவில் இருந்ததை அவள் வெட்டியிருக்கவில்லை. அதனால் முதலில் வந்தது பேச்சு.

"அம்மா, குக்கர அணைம்மா, ரெண்டு நிமிஷம்."

பீரோவுக்குள் முணுமுணுத்தது, இப்போது மண்டபம் முழுக்கப் போய்ப் பால்கனியைத் தொட்டுத் திரும்பியது. விஜயலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. பிறகு பாட்டு. குரல் எழும்பிக் கூரையில் ஏறி நின்று, ஒவ்வோர் அடியின் முடிவிலும் நீளமாக இறங்கியது. சிவராஜ் கண்ணை மூடிக்கொண்டார். அது அந்த மண்டபம்தான். அவர் ஒருமுறை கேட்ட மண்டபம்தான்.

பாதியில் விஜயலட்சுமி ஹெட்போனைக் கழற்றினாள்.

"யாருமே இல்லையே."

"என்ன ஆன்ட்டி?"

"உள்ள ஆளே இல்ல. தனியாப் பாடறா."

"ஆமா ஆன்ட்டி. காலி மண்டபத்தத்தான் அளந்திருக்கோம். ஜனங்க உக்காந்தா அவங்க துணிமணி சத்தத்த வாங்கிக்கும், இவ்வளவு நீளமா இழுக்காது. அதையும் அளக்கணும். ஃபெல்ட் துணில ஆள் மாதிரி வெட்டி வெக்கணும், இன்னும் பண்ணல."

"ஃபெல்ட்ட எங்கிட்டக் குடு."

கொட்டகையில் பாதியில் நின்ற மண்டபத்தை சிவராஜ் பிரித்து அடுக்கினார். அந்த மரத்திலேயே நாற்காலி வரிசைகளை அறுத்தார். வேலைக்குப் புது ஸ்கேல். பழையதை ஆணியில் மாட்டினார், ஃபவுண்டரி வேலைக்கு வேண்டுமே. விஜயலட்சுமி ஃபெல்ட்டை வெட்டி, கட்டைவிரல் உயரத்துக்கு மேல் கொஞ்சம் வருகிற மாதிரி உட்கார்ந்த ஆட்களைத் தைத்தாள். மேலே மெல்லிசாக ஃபால்ஸ் துண்டு, ஜாக்கெட் வெட்டிய மிச்சம், எது கிடைத்ததோ அது. தைக்கும்போதே யார் யார் என்று சொல்லிக்கொண்டே தைத்தாள்.

"இது அருக்காணி அக்கா. இது எதிர்வீட்டு தீதி, தமிழே புரியாட்டியும் வந்திருப்பா. இது மாதவி டீச்சர். அவங்க வாயில வெத்தல இருக்கணும், என்ன பண்றது?"

"நம்ம ரெண்டு பேரு?"

"முன்வரிசை சுங்க ஆபீசருங்களுக்கு. நமக்கு எப்பவும் பின்னாடிதான்." ஊசியில் நூலைக் கோத்துவிட்டு, "இன்னிக்கி முன்னாடி உக்காரலாம். யாரு எழுப்பப் போறா?" என்றாள்.

எல்லாரையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போனார்கள். சுபிக்ஷா வரிசையாக உட்கார வைத்தாள். "ஒங்கப்பாவையும் கொண்டாந்திருக்கேன், இவருதான், தொப்பைய வெச்சுக் கண்டுபிடிச்சுக்கோ" என்றாள் விஜயலட்சுமி. கூரையை மூடினார்கள். சிவப்பு பல்பு எரிந்தது. ஒன்றும் இல்லாத இடத்தில் பொறி விழுந்தது.

அளந்து முடித்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள். இந்தத் தடவை மஹிமாவின் குரல் கிட்டத்தில் வந்தது. கூரைக்கு ஏறியது ஏறியபடி நிற்கவில்லை. பெரிய மண்டபம் ஜனம் வந்து உட்கார்ந்ததும் தன்னை ஒடுக்கிக்கொண்டு, பாடுகிறவளை முன்வரிசைக்குத் தள்ளி வைத்திருந்தது. மூச்சு எடுப்பது கேட்டது. அவர் சுருக்கத்துக்கு விட்ட இடமெல்லாம் எங்கோ போய்விட்டது என்று சிவராஜுக்குத் தோன்றியது. கடைசி அடியை அவள் இரண்டு தரம் பாடினாள். முடித்ததும் சத்தம் சட்டென்று அடங்கியது. ஃபெல்ட் ஜனங்கள் கை தட்டவில்லை.

"இன்னொரு தடவை போடட்டுமா ஆன்ட்டி?"

விஜயலட்சுமி கணவனைப் பார்த்தாள். அவர் ஹெட்போன் ஒயரை, உளியைத் துடைத்து வைக்கிற மாதிரி, நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வேணாம்மா" என்றாள். "பாடி முடிச்சுட்டா."

துணிப்பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, வீடு வந்து சேர்ந்தார்கள். செருப்பைக் கழற்றியதும் அவள் நேராக பீரோவைத் திறந்து, தொங்கிய சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறிக் கட்டில்மேல் போட்டாள். சிவராஜ் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் மடித்து அடுக்கினார்கள். கடைசிச் சேலையை இழுத்தபோது ஒரு ஹேங்கர் நழுவி பீரோவின் அடித்தகட்டில் விழுந்தது. சாதாரணக் கம்பி ஹேங்கர்தான். காலி பீரோ கணீரென்று முழங்கியது.